ஒரு விரல், இரண்டு பேர்

2009 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. நமுனுகுல மலைச்சரிவில், கல்லுமலைத் தோட்டத்து மேல் டிவிசன் பெரட்டுக் களத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் அன்றைய வேலைக்குக் காத்து நின்றார்கள். தபால் பையில் ஆறு கடிதங்கள் இருந்தன. ஐந்துக்கு ஆள் கிடைத்தது. ஆறாவதுக்குக் கிடைக்கவில்லை.

"தெய்வான!" என்று கூப்பிட்டார் தங்கராஜா கங்காணி. மறுபடியும் உறையைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "தெய்வான யாரும்மா? வவுனியாவுல இருந்து காயிதம்."

"முருகன் கோயில்ல போயி கேளுங்க கங்காணி," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"அங்க போனா வள்ளி சண்டைக்கு வருவா," என்றது இன்னொன்று.

களம் முழுக்கச் சிரித்தது. "வாய் ஓடுற மாதிரி கொழுந்துல கை ஓடுனா இந்தத் தோட்டம் எப்பவோ உருப்பட்டிருக்கும்," என்று சொல்லிக் கங்காணி கடிதத்தைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

மூன்றாம் வரிசையில் நின்ற ஒருத்தி சிரிக்கவில்லை, கையும் தூக்கவில்லை. பதிவேட்டில் அவள் பேர் கனகம். குடியிருக்கும் லயத்திலும் கனகம், கோயில் வரியிலும் கனகம், அடையாள அட்டையிலும் கனகம். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான். தெய்வானை என்ற பேரை அவள் அடுத்தவர் வாயில் கேட்டது அம்மா செத்த வருடத்தோடு சரி. அம்மாகூட அதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

தோட்டத்தில் பேர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று அம்மா அப்பா வைப்பது. மற்றது ஒருநாள் வேலை. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 'இன்னைக்குப் பேர் உண்டா?' என்று கேட்டால், சம்பளம் உண்டா என்று கேட்பதாகும். 1978இல் அவளுடைய அப்பா, "பேரு போயிடக் கூடாது," என்று சொன்னபோது எந்தப் பேரைச் சொன்னார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வருடம்தான் அக்கா கனகம் புருஷனோடு வவுனியாப் பக்கம் போனாள். முந்தின வருடத்துக் கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியதிலிருந்து அந்தப் புருஷனுக்கு மலை பிடிக்கவில்லை. காடு வெட்டி மிளகாய் போடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு இருபத்தொரு வயது. பதிவேட்டில் பேர் இருந்தது. தங்கை தெய்வானைக்குப் பதினேழு, பேர் இல்லை. புது ஆள் எடுப்பதைத் தோட்டம் நிறுத்தி வைத்திருந்தது. அப்போதிருந்த கங்காணி அப்பாவுக்குப் பங்காளி முறை. "சின்னவளக் கனகம்னு அனுப்பி வைங்க. தொரைக்கு எல்லா மூஞ்சியும் ஒன்னுதான்," என்றார். அடுத்த நாள் காலை அக்காவின் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தங்கை களத்துக்குப் போனாள். "கனகம்!" என்றார்கள். "இருக்கேங்க," என்றாள்.

ஒரு மாதத்துக்கு மட்டும் என்று பேச்சு. அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்றார்கள். வரவில்லை. 1985 வரை கடிதம் வந்தது; வீட்டிலிருந்து போன பதில்களில் இந்தப் பேர் விஷயத்தை யாரும் எழுதவில்லை. பிறகு சண்டை வந்தது, கடிதம் நின்றது.

விவரம் தெரிந்த லயத்துக்காரர்களும் ஒவ்வொருவராக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், அல்லது செத்துப்போனார்கள். இப்படி இரவல் பேரில் வாழ்வதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. நான்கு வயது கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமும் அந்தப் பேரில்தான் நடந்தது. புருஷனிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டாள். 1998இல் பாலத்தடியில் லொறி மோதி அவனும் போனான். பிள்ளை இல்லை. அதன் பிறகு சொல்வதற்கு ஆளே இல்லை.

2008 பெப்ரவரியில் பெட்டி வந்தது.

சாம்பல் நிறம், செங்கல் அளவு, நடுவில் விரல் வைக்க ஒரு கண்ணாடி. கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கும் செத்தவர்களுக்கும் பதிவேட்டில் பேர் விழுகிறது என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இனிமேல் காலையில் பெரட்டில் ஒருதரம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருதரம் விரல் வைக்க வேண்டும். மாதம் பத்தாம் தேதி வங்கி வண்டி தோட்டத்துக்கே வரும், சம்பளமும் விரலுக்குத்தான். பதிகிற வேலை தலைமைக் கிளாக்கர் தர்மராசாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் அறை எடுத்துத் தங்கி இருபது வருடம் தோட்டக் கணக்கு எழுதியவர். பெட்டியின் மேல் அவருக்கு ஒரு தகப்பனின் பெருமை.

"கையெழுத்தை ஆரும் போடலாம், அட்டையை ஆரும் காட்டலாம். விரல் பொய் சொல்லாது," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

ஆனால் விரல்கள் முதலில் ஒன்றுமே சொல்லவில்லை. இருபது முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய பெருவிரலில் ரேகை எங்கே இருக்கும்? சாயம் ஏறிக் கறுத்து, கூழாங்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தது. வைத்ததும் பெட்டி ஆங்கிலத்தில் "ப்ளீஸ் ட்ரை எகெய்ன்" என்றது. பெண்கள் முந்தானையில் துடைத்தார்கள், தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றினார்கள், ஊதினார்கள். கனகத்தின் ஒன்பது விரல்களையும் பெட்டி தள்ளிவிட்டது. பத்தாவதாக இடக்கைச் சுண்டுவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. "தேங்க்யூ" என்றது பெட்டி. தேயிலை தின்னாத விரல் அவளிடம் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"சுண்டு வெரல்ல சம்பளம் வாங்குற சீமாட்டி," என்றாள் லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பறாச் சரோஜினி.

அன்றிலிருந்து அது தேங்க்யூ பொட்டி. "தொரை ஒருநாளாவது நமக்கு நன்றி சொல்லியிருப்பாரா? இது தெனம் ரெண்டு வாட்டி சொல்லுது," என்று சரோஜினி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. அதுவரை அவள் சம்பளத்தை அவள் புருஷன் அழகையா வாங்கிக்கொண்டு நேரே சாராயத் தவறணைக்குப் போவான். முதல் தடவை வங்கி வண்டி வந்த அன்று அவனும் வழக்கம்போல வரிசையில் போய் நின்று தன் விரலை வைத்தான். அவன் பேர்தான் வந்தது. பெண்டாட்டி பேர் வரவில்லை. "இனிமே என் வெரல வெட்டி எடுத்துக்கிட்டுப் போனாத்தான் உண்டு," என்றாள் சரோஜினி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. அந்த வருடம் அவள் மூத்த மகளுக்குக் காதில் தங்கத் தோடு ஏறியது.

கனகத்தின் சம்பளத்தைப் பிடுங்க வீட்டில் யாரும் இல்லை. பெட்டியால் அவளுக்குக் கிடைத்தது அந்தத் தேங்க்யூ ஒன்றுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெறயில் வேகமாக ஏறுகிறவள் அவள். பக்கத்தில் பேச்சுக்கு ஆள் நிற்பதில்லை. சில நாட்களில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அவளைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தை பெட்டி சொன்னது மட்டுமாகவே இருக்கும்.

ஆகஸ்ட் 11ஆம் தேதிக் கடிதம் ஆபீஸ் ஜன்னலோரம் ஓர் ஆணியில் தொங்கியது. ஒரு வாரத்தில் ஆள் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதனும் அவள் அதைக் கடந்து போனாள். வியாழன் மத்தியானம் உள்ளே போனாள்.

"ஐயா, அந்த வவுனியா காயிதம்... எங்களுதுங்க."

தர்மராசா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தெய்வானை எண்டு போட்டிருக்கு. ஆர் அது? உங்களுக்கு என்ன முறை?"

"தங்கச்சிங்க."

"தங்கச்சி எங்கை?"

ஒரு பொய்யை முப்பத்தோரு வருடம் வளர்த்தவளுக்கு அடுத்த பொய் தானாகவே வந்தது. "செத்துப்போயிட்டாங்க ஐயா. எழுபத்தெட்டுல."

"அடடா." அவர் கடிதத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "செத்தவவுக்கு இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஆர் எழுதினது?"

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மலைக்கு ஏறுகிற வழியில் ஒரு சவுக்கு மரத்தடியில் கூடையை இறக்கினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடிதத்தை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். பேச்சு மட்டும் அக்காவுடையது.

'தெய்வானைக்கு அக்கா கனகம் எழுதுவது. நான் உசுரோட இருக்கேன். சித்திரையில இருந்து முகாம்ல இருக்கோம். அத்தான் இல்ல. மக தயானி இருக்கா. ஊருக்கு அனுப்பப் பேரு எழுதுறாங்க. என்னைய மட்டும் ஒதுக்கி வச்சிருக்காங்க. எங்கிட்ட ஒரு காயிதத் துண்டும் இல்ல, அட்டை எல்லாம் தண்ணியில போயிடுச்சு. நான் கல்லுமலையில பொறந்தவன்னு சொன்னேன். தோட்டத்துக்கு எழுதிக் கேட்டாங்க. கனகம்னு ஒருத்தி அங்க தெனம் வெரல் வச்சு வேல செய்றான்னு பதில் வந்திருக்கு. அப்ப நீ யாருன்னு என்னையக் கேக்குறாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல. என் பேர்ல இருக்குற அந்தப் பொம்பள யாருன்னு விசாரிச்சு எழுது. உனக்குக் கல்யாணம் ஆச்சா?'

அவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினாள். அன்று நிறை குறைந்தது. அரைப்பேர். அவளுக்கு அரைப்பேர் விழுவதைத் தங்கராஜா கங்காணி பார்த்ததே இல்லை. "என்னா கனகம், காய்ச்சலா?" என்றார். அவள் சுண்டுவிரலை வைத்தாள். "தேங்க்யூ" என்றது பெட்டி.

காகிதத்தில் அவளுக்கு ஐம்பத்திரண்டு. இன்னும் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்தால் ஐம்பத்தைந்து. வேலையிலிருந்து நிற்கலாம், முப்பத்தி நான்கு வருடச் சேமலாப நிதியும் கைக்கு வரும். அதற்கு மேல் அவளுக்கு வேறு ஏற்பாடு ஒன்றும் இல்லை. வயசுகாலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் இல்லாதவளுக்கு அந்த நிதிதான் மகனும் மகளும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் விரல் வைத்தாள். ஒவ்வொரு தரமும் பச்சை விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தரமும் வவுனியாவில் ஒருத்தி பொய்க்காரி ஆனாள். சனிக்கிழமை சாயங்காலம் சரோஜினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "கனகக்கா, தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டாள். அந்தப் பேர் அவளைக் கூப்பிடுகிற மாதிரி இல்லை.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 17, வேலைக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, தெய்வானை சாகலீங்க."

"என்ன?"

"நாந்தாங்க தெய்வானை."

தர்மராசா பேனாவை வைத்தார். அவள் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் ஒருதரம் படித்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்து வந்தார். ஜூன் மாதம் அவரே தட்டச்சு செய்த பதிலின் கார்பன் பிரதி அதில் இருந்தது. மெல்ல வாசித்தார்: "'மேற்படி கனகம் என்பவர் எமது தோட்டத்தில் தினமும் கைவிரல் அடையாளத்துடன் கடமையாற்றி வருகின்றார். ஆகவே தங்களிடமுள்ள பெண் வேறொருவராக இருத்தல் வேண்டும்.'" பிறகு சொன்னார்: "கேட்ட அண்டைக்கே பதில் போட்டனான். பெட்டி இருக்குத்தானே எண்டு ஆளைக் கூப்பிட்டு ஒரு சொல் கேக்கேல்லை."

"பொட்டி மேல தப்பில்லீங்க. வெரல் என்னுதுதானே. பேருதான் எரவல்."

"இருங்கோ," என்று நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. "இதைச் சொன்னா என்ன நடக்கும் எண்டு விளங்குதோ? இந்த முப்பத்தொரு வருசமும் கனகத்தின்ரை பேரிலை. நிதியும் அவவின்ரை பேரிலை. உங்களுக்கு ஒரு நாள் சேவையும் இல்லை. துரை சம்மதிச்சா நாளையிலை இருந்து புது ஆளாப் பதியலாம். சம்மதிக்காட்டி அதுவும் இல்லை."

"சொல்லலன்னா?"

"சொல்லாட்டி... மூண்டு வருசம்..." அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். "என்ர தம்பி குடும்பமும் அந்தப் பக்கந்தான். மே மாசத்துக்குப் பிறகு ஒரு துண்டும் வரேல்லை. எங்கையாவது ஆராவது ஒரு கிளாக்கர் அவனைப் பற்றியும் இப்பிடி ஒரு பதில் போட்டானோ தெரியாது."

"அக்கா பேர அக்காகிட்ட குடுத்துருங்க ஐயா," என்றாள் அவள். "எரவல் வாங்குனது. ரொம்ப நாளாச்சு."

தானே தெய்வானை என்று அவள் சத்தியக்கடதாசி முடிக்க, இருவரும் பதுளைக்குப் போனார்கள். பஸ்ஸில் அவர் முன் ஆசனத்தில். அவள் நான்கு வரிசை தள்ளி. பஸ் நிலையத்துக்குப் பின்புறம், தையல் கடைக்கு மேல்மாடியில் சமாதான நீதவான் அலவி இருந்தார். கடதாசியை வாசித்துக் காட்டி, மை ஒட்டுப்பலகையைத் திறந்து, பெருவிரலை வைக்கச் சொன்னார். ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. கோடே இல்லை.

"என்னம்மா இது, நாணயம் வெச்ச மாதிரி இருக்கே. ரேகை எங்க?"

"கொழுந்து தின்னுருச்சிங்க."

"அப்ப கையெழுத்துப் போடுவீங்களா?"

கனகம் என்று அவள் ஆயிரம் தரம் எழுதியிருப்பாள். தெய்வானை என்று பள்ளிக்கூடத்தோடு சரி. பேனாவைப் பிடித்துத் தெ, ய், வா என்று வந்து கடைசி எழுத்தில் நின்றாள். பிறகு எழுதினாள். அலவி கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். னகரத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை.

"இது அந்தக் காலத்து எழுத்தாச்சே. எங்க வாப்பா எழுதுவார்."

"எனக்கு இதுதாங்க தெரியும்."

"பிழையில்ல. இத வேற யாராலும் போட ஏலாது," என்று சொல்லி முத்திரையை அழுத்தினார்.

துரை இரண்டு வாரம் இழுத்தார். பதிந்தது தன் பிழை, விசாரணை என்று வந்தால் தானே பதில் சொல்வதாகத் தர்மராசா எழுதிக் கொடுத்த பிறகு, வழக்கு எதுவுமில்லாமல் புது ஆளாக எடுக்கலாம் என்று ஒப்பம் வைத்தார். அந்த இரண்டு வாரமும் அவளுக்குப் பேர் இல்லை. பதிவில்லாமல் அன்றைக்கே காசு கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலைக்கு மட்டும் போனாள். லயத்தில் பேச்சுப் பரவிவிட்டது. "அக்காளத் தின்னவ" என்று ஒருத்தி சொன்னாள். "இத்தனை வருசம் பக்கத்துக் காம்பறாவுல இருந்துக்கிட்டு எங்கிட்டகூட சொல்லலியே," என்று சரோஜினி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவர் மேல் வைத்துவிட்டு, கூப்பிடப் பேர் தெரியாமல், சுவரைத் தட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2ஆம் தேதி காலை, களத்தில் எல்லோரும் பார்த்திருக்க, தர்மராசா பெட்டியில் ஏதோ அழுத்தினார். "இப்ப வையுங்கோ," என்றார். அவள் சுண்டுவிரலை வைத்தாள்.

"ப்ளீஸ் ட்ரை எகெய்ன்."

மறுபடி வைத்தாள். மறுபடி அதே. கனகம் பெட்டியிலிருந்து போய்விட்டாள். அவர் புதிதாகப் பதிந்தார்: எண் 1163, தெய்வானை, சேவை ஆரம்பம் இன்று. அதே சுண்டுவிரல், அதே பச்சை விளக்கு, அதே தேங்க்யூ.

தங்கராஜா கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். பழக்கத்தில், "கனகம்!" என்றார். பழக்கத்தில் அவளும், "இருக்கேங்க," என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சும்மா இருங்கடி," என்றாள் சரோஜினி. கங்காணி பென்சிலால் ஒரு வரியை அடித்துவிட்டு, பட்டியலின் கடைசிக்குப் போனார்.

"தெய்வான."

அவள் கையைத் தூக்கச் சற்று நேரம் பிடித்தது.

தோட்டத்தின் திருத்தக் கடிதமும் சத்தியக்கடதாசியும் மறுநாள் பதிவுத் தபாலில் வவுனியா போயின. அக்டோபர் கடைசியில் அடுத்த கடிதம் வந்தது. இந்த முறை கங்காணி ஒருதரம்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

'பேரு சரியாயிடுச்சு. ஏதோ ஆபீஸ்ல தப்பா எழுதிட்டாங்களாம், வேற ஒன்னும் சொல்லல. என்னையும் விட்டுட்டாங்க. மகளோட கிளிநொச்சிக்குப் போறேன், அங்க காணி இருக்கு. மலைக்கு வர இப்ப தோது இல்ல. அந்தப் பொம்பள யாருன்னு நீ எழுதவே இல்லியே. பாத்தியா அவள?'

தெய்வானை உறை ஒன்று வாங்கி வைத்தாள். வெள்ளைத் தாளும் வாங்கி வைத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

நவம்பர் பத்தாம் தேதி வங்கி வண்டி வந்தது. வரிசை எண்ணின்படி. அக்காவின் பழைய எண்ணில் முன்னால் நின்றுவந்தவள் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள். 1163க்குப் பிறகு அந்த டிவிசனில் வேறு ஆள் எடுக்கவில்லை.